நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

சரியாகக் காலை பத்து மணிக்கு ‘ஆறு கோட்டை’ என்ற கணினி ஆட்டத்தை வெளியிட்டார்கள். பொத்தானை அழுத்தியது அக்கா. பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டுமே கொள்ளும் அந்த வாடகை அறையில் வேறு யாரும் இல்லை. நான்கு வருட உழைப்பு ‘டிக்’ என்ற ஒரு சத்தத்தோடு வெளியே போய்விட்டது. கீழே பஸ் நிறுத்தத்தில் யாரோ தும்மினார்கள். உலகம் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அக்காவை வீட்டில் எல்லோரும் சாம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். சாம்பியன் என்பதன் சுருக்கம். சின்ன வயதில் செஸ், சீட்டு, பகடை என்று எதில் உட்கார்ந்தாலும் அவள்தான் ஜெயிப்பாள். அப்பா விளையாட்டாகச் சொன்ன பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாற்பத்திரண்டு வயதிலும் உதிரவில்லை, உதிர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் இல்லை. பஸ் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடம் கால அட்டவணை போட்டவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் அத்துப்படி. அந்த மூளைதான் ஆட்டத்தின் விதிகளை எழுதியது. ஒரு ஆறு, கரையோரம் ஆறு கோட்டைகள், கோட்டைகளுக்குத் தானியம் ஏற்றிப்போகும் படகுகள். படகு தாமதித்தால் படை பட்டினி. படை பட்டினி கிடந்தால் கோட்டை கை மாறும்.

தம்பி அவளைவிட நான்கு வயது சின்னவன், புரோகிராமர். மனிதரை எதிர்த்து ஆடும் கணினியை, அதாவது ‘அக்கரை அரசன்’ என்ற எதிராளியை, எழுதியது முழுக்க முழுக்க அவன்தான். அந்தப் பக்கம் சாம்பி தலைவைத்தும் படுத்ததில்லை.

ஆட்டம் முதலில் லினக்ஸ்காரர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு அடுத்த மாதம் என்பது தம்பியின் ஏற்பாடு. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து படிக்கக்கூடிய இயங்குதளமான லினக்ஸ்மேல் கல்லூரி நாளிலிருந்தே அவனுக்குப் பைத்தியம். அதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்றும் அவனிடம் இருந்தது. ஆட்டத்துக்கு டி.ஆர்.எம். பூட்டுப் போடக் கூடாது. இணையத்தில் பெயரைப் பதிந்தால்தான் ஓடும், வேறு கணினிக்கு மாற்றினால் ஓடாது என்கிற தொல்லை எதுவும் கூடாது.

“காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு அது சொந்தம்க்கா. சொந்தப் பொருளைத் திறந்து பாக்காதேன்னு சொல்ல நாம யாரு?” என்பான்.

அதைக் கேட்டுச் சாம்பிக்குப் பெருமையாக இருக்கும். நம் பையன் நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்வாள்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் போனது. முன்னூறு பேர் இறக்கியிருந்தார்கள். படகுகளின் ஓவியம் அழகு, ஆற்றின் சத்தம் அருமை என்று எழுதினார்கள். பன்னிரண்டரைக்கு வந்த கடிதம் ஒன்று, ‘மூன்றாம் கோட்டை ரொம்பக் கஷ்டம், ஏழு தடவை தோற்றேன்’ என்றது. ஒரு மணிக்குள் அதே மாதிரி ஒன்பது. இரண்டு மணிக்குள் நாற்பது. ஒருவர்கூட மூன்றாம் கோட்டையைத் தாண்டவில்லை. ‘உங்கள் அரசன் மனிதனா பிசாசா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சாம்பி சிரித்தாள். “ஆடத் தெரியாதவங்க எல்லாம் வந்துட்டாங்க போல.”

தம்பி சிரிக்கவில்லை. “கொஞ்சம் குறைச்சிடலாமாக்கா? சின்னத் திருத்தம்தான். இப்பவே போட்டுடறேன்.”

“எதுக்குக் குறைக்கணும்? நான் அவனை இருபது நிமிஷத்துல கவுத்திடறேனே. நேத்துகூட.”

“அது… நீ ரூல்ஸ் எழுதினவ.”

“ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானடா.”

அவன் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, டீயும் பன்னும் வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கினான். படி இறங்கும்போது ஒரு தடவை நின்ற மாதிரி இருந்தது. பிறகு காலடிச் சத்தம் தொடர்ந்தது.

அவன் போனதும் சாம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் ஆடுவதையே படம் பிடித்துப் போட்டால் என்ன? வாயால் சொல்வதற்குப் பதில் கையால் காட்டிவிடலாம். திரையைப் பதிவு செய்துகொண்டே மூன்றாம் கோட்டையைத் திறந்தாள். அன்று கை நன்றாக ஓடியது. பதினெட்டே நிமிடத்தில் அக்கரை அரசனை மண்ணைக் கவ்வ வைத்தாள். ‘பயிற்சி எடுங்கள், நண்பர்களே. முடியாதது எதுவும் இல்லை’ என்று ஒரு வரியும் சேர்த்து, எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் படத்தைப் போட்டாள். போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது உச்சி குளிர்ந்திருந்தது.

நான்கு மணிக்கு ‘ஆந்தை’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. ஆந்தை காலையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்த ஆள்; எழுத்துப்பிழையைக்கூட எந்தத் திரையில், எந்த வரியில் என்று சொல்லும் ரகம். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.

‘வணக்கம். உங்கள் படத்தை மூன்று தடவை பார்த்தேன். நீங்கள் இரண்டாவது படகை ஆற்றின் நடுவில் பன்னிரண்டு நொடி நிறுத்தி வைக்கிறீர்கள். என் அரசனாக இருந்தால் அந்தப் படகை அங்கேயே எரித்திருப்பான். உங்கள் அரசன் பக்கத்தில் வந்து, பார்த்துவிட்டுப் போகிறான். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. படத்தின் மூலையில் உங்கள் ஆட்டப்பெயர் தெரிந்தது. நானும் என் பெயரைச் சாம்பி என்று மாற்றிக்கொண்டு ஆடினேன். பதினொரு நிமிடத்தில் ஜெயித்தேன். பிறகு ஆட்டத்தின் உறையைத் திறந்து, அரசனின் கோப்பைப் படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியைத் தயவுசெய்து பாருங்கள். இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைச் சங்கடப்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.’

சாம்பி கடிதத்தை இரண்டாம் தடவை படித்தாள். ஒன்றும் ஏறவில்லை. பூட்டில்லாத ஆட்டம், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். தானும் திறக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கோப்பு நீளமாக இருந்தது. பாதி குறியீடு, பாதி தம்பி தனக்காக எழுதி வைத்துக்கொண்ட தமிழ்க் குறிப்பு. வரி எண்ணைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.

ஆடுபவர் பெயர் ‘சாம்பி’ என்றால், என்று தொடங்கியது அது. அப்படியென்றால் அரசனின் பலத்தை நூற்றுக்கு முப்பதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். எதிரே படகு வந்தாலும் மூன்றில் ஒரு தடவை பார்க்காததுபோல் இருக்க வேண்டும். மேலே தம்பியின் குறிப்பு: ‘தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிட வேண்டும்.’ பக்கத்தில் தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

அதோடு நிற்கவில்லை. கீழே சின்னச் சின்னக் குறிப்புகளாக ஒரு வரிசை. ‘அக்கா பலத்தைக் கூட்டச் சொன்னாள். மற்றவர்களுக்கு 110. இவளுக்கு 38.’ ‘அக்கா மறுபடி கூட்டச் சொன்னாள். மற்றவர்களுக்கு 125. இவளுக்கு 35.’ ‘மற்றவர்களுக்கு 140. இவளுக்கு 30.’

எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ‘டேய், ரொம்பச் சப்பையா இருக்குடா அரசன், இன்னும் கொஞ்சம் கூட்டு.’ அவன் தலையாட்டிவிட்டு, ஊருக்கெல்லாம் கூட்டி, அவளுக்கு மட்டும் குறைத்திருக்கிறான். அவள் மறுபடி ஜெயித்திருக்கிறாள், மறுபடி கூட்டச் சொல்லியிருக்கிறாள். மூன்று வருடம். முதல் இரண்டு கோட்டைகளை ஆடிப் பார்த்த வெளியாட்கள்கூடக் கஷ்டம் என்றுதான் சொன்னார்கள். மற்ற கோட்டைகளை ஆடிப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

முன்னூறு பேர் பிசாசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பொம்மையை அடித்துவிட்டு, பயிற்சி எடுங்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறாள்.

டீ வாங்கப் போன தம்பி, இரண்டு மணி நேரம் கழித்து ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஃப்ளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“என்னடா இது?”

“அக்கா…”

“இது என்னன்னு கேட்டேன்.”

“முதல் திருத்தத்துல எடுத்துடலாம்னு இருந்தேன்.”

“மூணு வருஷமாவா?”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “அந்த வாரம் ஞாபகம் இருக்கா? நீ வேலையை விட்டுட்டு வந்து ரெண்டு மாசம். அரசன் முதல் தடவையா ஒழுங்கா ஆட ஆரம்பிச்சான். ஒரே வாரத்துல பதினோரு ஆட்டம் தோத்த. வெள்ளிக்கிழமை, இது சரியா வராது, கம்பெனிக்கே திரும்பிப் போறேன்னு பையைத் தூக்கிட்ட.”

“அதுக்கு?”

“நானும் வேலையை விட்டிருந்தேன்க்கா. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? உனக்காக மட்டும் பண்ணினேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம். ஒரு வாரம் ஜெயிக்கட்டும், மனசு மாறும், அப்புறம் எடுத்துடலாம்னுதான் போட்டேன். திங்கக்கிழமை நீ ஜெயிச்சுட்டு எழுந்து நின்னு கை தட்டின. அதுக்கப்புறம் எப்படி எடுக்கிறது?”

“சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? ஒவ்வொரு நாளும் நேத்தைவிடக் கஷ்டமா ஆயிடுச்சு.”

“சரி, ஊருக்கே திறந்து காட்டறியே, யாராவது பாப்பாங்கன்னு தோணலையா?”

“நாலாயிரம் வரிக்கா அது. யார் உக்காந்து படிப்பாங்க?”

“லினக்ஸ்காரங்க படிப்பாங்கடா!” என்று கத்தினாள். கத்திய பிறகுதான் அது எவ்வளவு வேடிக்கையான வாக்கியம் என்று தெரிந்தது. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

“டேய். சின்ன வயசுல?”

அவன் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினான்.

“உன்னைத்தான் கேக்கறேன். செஸ்ல, சீட்டுல. நான் உன்னை ஜெயிச்சதெல்லாம்?”

“அம்மாவைக் கேளு” என்றான், தரையைப் பார்த்தபடி.

சாம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் அம்மாவின் வீடு. இன்னும் வெயில் போகவில்லை. அம்மா ஜன்னல் ஓரமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி, இன்னிக்கு வெளியீடு இல்ல? இங்க வந்து நிக்கற?”

“அம்மா, சின்ன வயசுல தம்பி எங்கிட்ட வேணும்னே தோத்தானா?”

அம்மாவுக்கு அதிர்ச்சியெல்லாம் ஒன்றும் இல்லை. சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். “ஆமா. நான்தான் சொன்னேன்.”

சாம்பி அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா?”

“ஏன்னா? நீ தோத்தா ரெண்டு நாள் வாயில சோறு இறங்காது. ஒரு தடவை செஸ் போர்டைத் தூக்கி ஜன்னல் வழியா வீசின. கீழ் வீட்டுக்காரர் தலையில குதிரை விழுந்து, மனுஷன் சண்டைக்கே வந்துட்டார். ஞாபகம் இல்ல?”

“இல்ல.”

“அது சரி, உனக்கு எப்படி இருக்கும்? அவன் நல்ல பிள்ளை, தோத்தாலும் எழுந்து போய் விளையாடுவான். அவன் ஒருத்தன் விட்டுக்கொடுத்தா வீட்ல மத்த மூணு பேரும் நிம்மதியா இருக்கலாம். அதான், ‘டேய், அக்காகிட்ட விட்டுக்கொடுத்துடு’ன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சேன்.”

“அப்பா?”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“சொல்லும்மா. அப்பாவும் எங்கூட ஆடுவாரே.”

“அப்பாவும்தான்.”

கட்டில் ஆற்றில் மிதப்பதுபோல் இருந்தது சாம்பிக்கு. அப்பா போய் ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ராஜாவைச் சாய்த்து வைத்து, ‘போச்சு, சாம்பி, போச்சு’ என்று தலையில் கை வைத்துக்கொள்வார். அந்தக் கை, அந்தப் பெருமூச்சு, எல்லாம் நடிப்பா? ஒரு வீடு முழுக்கச் சேர்ந்து நாடகம் போட்டிருக்கிறது. டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் அவள்.

“எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க.”

“முட்டாளா? ஸ்கூல்ல போட்டியில கப்பு வாங்கினியே, அதுவும் நாங்களா?”

“அது?”

“அது நீயா வாங்கினது. அங்க வந்து யார்கிட்ட நாங்க என்னன்னு சொல்ல முடியும்? அது என்ன, மாவட்டமா, ஏதோ மூணாவது இடம்.”

“ரெண்டாவது.”

“ரெண்டாவதா? அப்ப ஒருத்தர்கிட்ட தோத்திருக்க. பாரு, உயிரோடதான இருக்க?” என்றாள் அம்மா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “உனக்கு இவ்வளவு வலிக்கும்னு தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா அப்பவே நாலு தடவை தோக்க விட்டிருப்பேன்.”

சாம்பி அழவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஒரு திகைப்புதான் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கை அவள் முதுகில் இருந்தது, இஸ்திரிச் சூடு இன்னும் ஆறாமல்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் அறைக்கு வந்தபோது தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. “பக்கத்தைப் பாத்தியா?” என்றான்.

ஆந்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கோப்பைத் திறக்க ஆந்தை ஒருவருக்கு மட்டுமா தெரியும்? காலைக்குள் இன்னும் நாலு பேர் அதே வரியைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஜெயித்தவர்களின் பட்டியலில் முதல் இடம் சாம்பி. இரண்டாவது இடமும் சாம்பி. மூன்றாவதிலிருந்து எண்பத்தேழாவது வரை சாம்பி, சாம்பி, சாம்பி. அவள் வாயைத் திறந்தபடி பட்டியலை உருட்டிக்கொண்டே போனாள். ஒருவர் ‘சாம்பியின் மாமா’ என்று பெயர் வைத்துத் தோற்றுப்போயிருந்தார். அவளுடைய படத்தின் கீழே ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

“படத்தை எடுத்துடவாக்கா?” என்றான் தம்பி. “நான் எழுதிடறேன், எல்லாம் என் தப்புன்னு. வேணும்னா நான் விலகிக்கறேன்.”

“விலகி? அந்த நாலாயிரம் வரியை அப்புறம் யார் படிக்கிறது?” என்றாள். “படம் இருக்கட்டும். எழுத வேண்டியதை நான் எழுதறேன்.”

அவள் எழுதியது ஐந்தே வரிதான். எதிராளி தன்னிடம் மட்டும் மெதுவாக ஆடும்படி எழுதப்பட்டிருந்தது, அது தனக்குத் தெரியாது, தெரியாமல் எல்லோருக்கும் புத்தி சொன்னதற்கு வெட்கப்படுகிறாள், அரசனோடு தானே முதலில் நேராக ஆடிப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் திருத்துவார்கள், அதுவரை சாம்பி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தம்பியின் பெயரை எழுதவில்லை. அவன் அதைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான். “வேலையைப் பாரு” என்றாள். அடுத்த பத்து நாட்கள் அவனோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அன்று பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஆடினாள். ஆறு நிமிடத்தில் கோட்டை போய்விட்டது. அடுத்தது ஐந்து நிமிடம். மூன்றாவது ஆட்டத்தில் படகு கரையைவிட்டுக் கிளம்புவதற்குள் எரிந்தது. காது மடல் கொதித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். தம்பி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று அவள் பார்த்துக்கொண்டாள்.

பத்தொன்பதாவது தோல்வியில்தான் அது கண்ணில் பட்டது. மூன்றாம் கோட்டைக்கு முன்னால் ஆறு வளைகிறது. அந்த வளைவைச் சுற்ற அவளுடைய படகுக்கு ஆட்டக் கணக்கில் மூன்று நாள். அரசனுக்குக் குறுக்கே தரைவழி இருக்கிறது, இரண்டே நாள். எந்த நேரத்தில் கிளம்பினாலும் அவன் முன்னால் போய்க் காத்திருப்பான். இது தம்பியின் குறியீடு இல்லை, அவள் கையால் வரைந்த வரைபடம். அரசன் பலத்தை நூறுக்கு இறக்கினாலும் இங்கே யாரும் ஜெயிக்க முடியாது. பதினாறு வருடம் பஸ்ஸுக்கு நேரம் குறித்தவள், ஒரு படகைத் தாமதமாக விட்டிருக்கிறாள். மூன்று வருடமாக அது தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்கு எதிரே இருந்தவனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும்படி உத்தரவு.

“டேய், இங்க வா” என்றாள். அவன் ஓடி வந்தான். “இதைப் பாரு. இது என் தப்பு.”

அவன் குனிந்து பார்த்தான். நாட்களை விரல்விட்டு எண்ணினான். “ஆமாக்கா” என்றான் மெதுவாக. பிறகு, கொஞ்சம் தயங்கி, “இதை நான் போன வருஷமே பாத்தேன்.”

சாம்பி அவனைப் பார்த்தாள்.

“சொல்லலை” என்றான். “இனிமே சொல்றேன்.”

“இப்பவே ஆரம்பி. வேற என்னென்ன?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். இருபத்து மூன்று குறைகள். ஒவ்வொன்றும் சுருக்கென்றுதான் குத்தியது. ஒவ்வொன்றையும் அவள் எழுதிக்கொண்டாள்.

சொன்ன தேதிக்கு மூன்று நாள் தாமதமாகத் திருத்தம் வெளியானது. நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இப்போது ஆற்றின் ஆழத்தைப் பற்றி ஏதோ இருந்தது. ஆட்கள் மூன்றாம் கோட்டையைத் தாண்டினார்கள், நான்காவதையும் தாண்டினார்கள். சிலர் திட்டினார்கள், பலர் பாராட்டினார்கள். இன்னும் பதினைந்து பேர் சாம்பி என்ற பெயரிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்; அவர்களும் மற்றவர்களைப் போலவே தோற்றார்கள்.

ஒரு மத்தியானம் ஆந்தையிடமிருந்து சின்னக் கடிதம் வந்தது. ‘ஐந்தாம் கோட்டையில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கோப்பை முழுக்கப் படித்துவிட்டேன், குறுக்கு வழி எதுவும் இல்லை. நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?’

சாம்பி பதில் எழுதினாள்: ‘நான் இன்னும் தாண்டவில்லை. இன்று காலைகூட இரண்டு தடவை தோற்றேன். வடக்கு வாய்க்காலில் படகை முதலில் அனுப்பிப் பார்த்தீர்களா?’

அனுப்பிவிட்டு, தம்பி கொண்டு வந்து வைத்த டீயை ஒரு வாய் குடித்து, ஐந்தாம் கோட்டையை மறுபடி திறந்தாள்.